தொழிற்பாட்டுப் பிராந்தியமும் நிர்வாக எல்லையும்: முதல் ஆய்வு செய்வோருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழிகாட்டி

கரவெட்டியில் பேருந்துக்கு நிற்கும் ஒருவரிடம் எங்கே பயணம் என்று கேட்டால், "யாழ்ப்பாணம் போறன்" என்பார். அவர் நிற்கும் மண்ணும் யாழ்ப்பாண மாவட்டம்தான், யாழ்ப்பாணக் குடாநாடுதான். கொழும்பில் அதே ஆளிடம் சொந்த இடத்தைக் கேட்டாலும் "யாழ்ப்பாணம்" என்றே சொல்வார்; அப்போது அந்தச் சொல்லுக்குள் கரவெட்டியும் அடங்கிவிடும். பேச்சில் இதனால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் "யாழ்ப்பாணத்தின் சந்தைத் தொடர்புகள்" என்று தலைப்பிட்டு ஆய்வேடு எழுத உட்காரும் மாணவருக்கு, அது மாநகர சபையா, மாவட்டமா, குடாநாடா, தேர்தல் மாவட்டமா என்ற கேள்வி முதற் பக்கத்திலேயே குறுக்கே வந்து நிற்கும். அந்தக் கேள்வியைத் தாண்டாமல் சுற்றிப் போனவர்களின் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன் என்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு வேலை நடக்கும் ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

சொற்களிலிருந்து தொடங்குவோம். நிர்வாகப் பிராந்தியம் என்பது ஓர் அதிகாரம் தன் வேலைக்காகக் கோடு கீறி, சட்டத்தாலோ வர்த்தமானி அறிவித்தலாலோ நிலைநிறுத்திய பரப்பு. அதற்குப் பிறந்த திகதி உண்டு, எல்லை கூர்மையானது, ஒரு வீடு அதற்குள் இருக்கும் அல்லது வெளியே இருக்கும். தொழிற்பாட்டுப் பிராந்தியம் என்பது ஒரு மையத்தோடு மக்களும் பொருட்களும் பணமும் தகவலும் கொண்டுள்ள போக்குவரத்தால் கட்டுண்ட பரப்பு; மையத்துக்கு அருகே பிணைப்பு இறுக்கமாகவும், விலகிச் செல்லச் செல்லத் தளர்ந்தும், விளிம்பில் இன்னொரு மையத்தின் பரப்போடு கலந்தும் இருக்கும். மண்வகை, மழைவீழ்ச்சி போன்ற ஒரே இயல்பால் வரையறுக்கப்படும் ஒருசீர்ப் பிராந்தியம் மூன்றாவது வகை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம், பச்சிலைப்பள்ளி என்று மக்கள் மனத்தில் வாழும் பழைய பிரிவுகள் நான்காவது வகை. அவற்றை விட முடியாது, ஏனெனில் அவை மற்ற இரண்டுக்குள்ளும் அடிக்கடி புகுந்துகொள்ளும்.

"பிரதேசம்" என்ற சொல்லை நான் ஏன் தவிர்க்கிறேன் என்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பாடப் புத்தகங்கள் பிரதேசப் புவியியல் என்றே எழுதுகின்றன. ஆனால் இலங்கையில் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் அந்தச் சொல்லை நிர்வாகத்துக்கு எழுதி வாங்கிவிட்டன. "பிரதேச எல்லை" என்று ஒரு மாணவர் எழுதினால் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிவதில்லை. பிராந்தியம் என்ற சொல்லுக்கும் சிறிய கறை உண்டு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை என்பது மாவட்டத்துக்கு உரியது. ஆயினும் குழப்பம் குறைவு. எந்தச் சொல்லை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் ஒருமுறை வரையறுத்துவிட்டு இறுதிவரை மாற்றாதிருங்கள்.

முதற்படி: கேள்வியை எழுதுதல்

தொழிற்பாட்டுப் பிராந்தியம் ஏற்கெனவே நிலத்தில் கிடப்பதில்லை. எந்தத் தொழிற்பாடு என்று கேட்ட பின்னரே அது தோன்றும். சுன்னாகச் சந்தைக்கு மரக்கறி வந்து சேரும் பரப்பு ஒன்று, சுன்னாகத்துத் தனியார் கல்வி நிலையங்களுக்குப் பிள்ளைகள் வரும் பரப்பு இன்னொன்று, அங்குள்ள வங்கிகளுக்கு ஆட்கள் வரும் பரப்பு வேறொன்று. மூன்றையும் ஒன்றாக்கி "சுன்னாகப் பிராந்தியம்" என்று ஒரு வட்டம் போடுவது முதலாம் ஆண்டுப் பழக்கம். ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: எந்த மையம், எந்தச் சேவை அல்லது பொருள், எந்தக் காலம், எந்த அளவிலான இட அலகு. இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் களத்துக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: நிர்வாக எல்லைகளை அடுக்கடுக்காகப் பிரித்தல்

இந்தப் படியில் சற்றுத் தங்க வேண்டும். நிர்வாக எல்லை என்றால் ஒரே கோடு என்ற எண்ணம் களத்தில் முதல் நாளிலேயே உடைந்துவிடும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. உள்ளூராட்சியை எடுத்தால் 1 மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 சபைகள். கல்வி நிர்வாகம் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என 5 வலயங்களாகப் பிரிக்கிறது. பழைய பிரிவுகள் நிர்வாகத்துக்குள் புகுந்துகொள்வது என்று மேலே சொன்னது இதைத்தான். பாராளுமன்றத் தேர்தலுக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாண, கிளிநொச்சி நிர்வாக மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்தது. 15க்கும் 17க்கும் இடையே வேறுபடுவது எண்ணிக்கை மட்டுமல்ல, கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிவதில்லை. யாழ்ப்பாண மாநகர சபையின் பரப்பு யாழ்ப்பாணப் பிரதேச செயலகப் பிரிவைத் தாண்டி நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவின் ஒரு பகுதிக்குள் செல்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமோ மாநகர எல்லைக்கு வெளியே, நல்லூர்ப் பிரதேச சபையின் திருநெல்வேலியில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது, நாங்கள் இருப்பது யாழ்ப்பாண நகரத்தில் இல்லையா என்று யாராவது ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். சட்டப்படி இல்லை, வாழ்க்கைப்படி ஆம் என்பதே விடை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

ஆகவே ஒப்பிடுவதற்கு எந்த நிர்வாக அடுக்கை எடுக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்தெடுத்து, காரணத்தையும் எழுதுங்கள். குப்பை அகற்றல், சந்தைக் கட்டடம், உள்ளூர் வீதி பற்றிய ஆய்வுக்கு உள்ளூராட்சி எல்லை பொருந்தும். குடிசனத் தரவோடு இணைக்க வேண்டுமானால் பிரதேச செயலக, கிராம அலுவலர் பிரிவுகளே வசதி. பள்ளிக்கூடம் என்றால் கல்வி வலயத்தை எடுக்க வேண்டும்.

எல்லைக்குத் திகதி உண்டு என்றேன். அதைக் கவனியாமல் விட்டதால் வந்த ஒரு பிழையை இங்கே எண்களோடு காட்டுகிறேன், ஏனெனில் இது மீண்டும் மீண்டும் வருகிறது. 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 830,552. 2012இல் 583,882. இரண்டையும் கழித்தால் 246,670 குறைவு என்று வரும். ஆனால் 1981இல் கிளிநொச்சி தனி மாவட்டம் இல்லை, 1984இல்தான் அது யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இன்றைய எல்லைக்குள் அடங்கும் 1981ஆம் ஆண்டுத் தொகை 738,788. மீதி 91,764 கிளிநொச்சிக்குரியது. சரியான ஒப்பீட்டில் குறைவு 154,906. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஏற்படுத்திய இழப்பு அதுவே பெரிது. அதற்கு மேல் 91,764 பேரைக் கோடு மாறியதால் "காணாமற் போனவர்களாக" ஆக்குவது ஆய்வாளரின் கவனக்குறைவு. 1991இல் மதிப்பீடே நடக்கவில்லை, 2001இல் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை என்பதால் இடையில் நின்று எச்சரிக்க வேறு எண்ணும் இல்லை.

மூன்றாம் படி: கட்டாயப் பயணத்தையும் விரும்பிய பயணத்தையும் பிரித்தல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இந்தப் படியை வையுங்கள். மக்கள் ஓரிடத்துக்குப் போகிறார்கள் என்று எண்ணுவதற்கு முன், அங்கே போகாமல் வேறிடம் போக அவர்களுக்கு வழி இருந்ததா என்று பாருங்கள். காணி அலுவலுக்குத் தன் பிரதேச செயலகத்துக்கே போக வேண்டும். உரமானியத்துக்குத் தன் கமநல சேவை நிலையம், முறைப்பாட்டுக்குத் தன் பகுதிப் பொலிஸ் நிலையம். இந்தப் பயணங்களை எண்ணித் தொழிற்பாட்டுப் பிராந்தியம் வரைந்தால், முடிவில் கிடைப்பது நிர்வாக எல்லையின் பிரதியே. பின்னர் "இரண்டும் வியக்கத்தக்க அளவு பொருந்துகின்றன" என்று முடிவுரை எழுதப்படும், எழுதப்படக் கண்டிருக்கிறேன். மரக்கறி விற்கப் போவது, புடவை வாங்கப் போவது, தனியார் மருத்துவரிடம் காட்டுவது, பிள்ளையை ரியூசனுக்கு விடுவது, வங்கியில் நகை அடகு வைப்பது ஆகியவற்றில் தெரிவு உண்டு. அரச பாடசாலை இடைநடுவே நிற்கிறது, முதலாம் வகுப்பு அனுமதியில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் கணக்கில் எடுக்கப்படுவதால் அது பாதி கட்டாயம்.

இரண்டு வகைப் பயணங்களையும் தனித்தனி வரைபடமாக ஆக்கி அருகருகே வைக்கும்போதுதான் ஒப்பீடு பேசத் தொடங்கும். பளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டு நிலத்தில், ஏ9 வீதியில் கொடிகாமத்துக்கு அடுத்து இருக்கும் ஊர். ஆனால் பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகப் பிரிவு கிளிநொச்சி மாவட்டத்துக்கு உரியது. கச்சேரி (மாவட்டச் செயலக) அலுவலென்றால் பளையிலிருந்து ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போக வேண்டும். சந்தைக்கும் மருந்துக்கும் ரியூசனுக்கும் எந்தப் பக்கம் போகிறார்கள், ஒரே வீட்டில் எத்தனை பயணம் தெற்கே, எத்தனை பயணம் வடக்கே என்பது ஓர் இளமாணி ஆய்வேட்டுக்குப் போதிய கேள்வி.

பூநகரி இன்னும் நல்ல களம். அதுவும் கிளிநொச்சி மாவட்டம். நீரேரியின் மறுகரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் யாழ்ப்பாணப் பக்கம் இருந்தாலும், கேரதீவு–சங்குப்பிட்டிப் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை) ஓடாத காலத்தில் தரைவழியாக வர ஆனையிறவைச் சுற்ற வேண்டியிருந்தது. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. மாவட்ட எல்லை ஒரு அங்குலமும் நகரவில்லை, பயண நேரம் மட்டும் மாறியது. தொழிற்பாட்டு எல்லை வீதியோடும் பேருந்தோடும் நகரும், நிர்வாக எல்லை வர்த்தமானியோடு நகரும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் வடக்கில் எனக்குத் தெரியாது.

நான்காம் படி: தரவு சேகரித்தல்

பிரித்தானியாவில் கிறீன் என்ற புவியியலாளர் 1950இல் பேருந்துச் சேவைகளை வைத்தே இங்கிலாந்து, வேல்ஸ் நகரங்களின் செல்வாக்குப் பரப்புகளை வரைந்தார். செலவில்லாத முறை, எங்களுக்கும் பொருந்தும். ஒரு நாள் அதிகாலையிலேயே பேருந்து நிலையத்தில் குந்தியிருந்து, எந்தச் சேவை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, முதற் பேருந்து எத்தனை மணிக்கு, கடைசி எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ஓர் ஊரைக் கடந்து போகும் சேவையையும் அந்த ஊரில் முடிவடையும் சேவையையும் ஒரே நிரலில் போடக்கூடாது. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடும் 750ஆம் இலக்கப் பேருந்து நெல்லியடியைக் கடப்பது நெல்லியடி ஒரு மையம் என்பதற்குச் சான்றாகாது. நெல்லியடியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதே சான்று.

நெடுந்தீவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நெடுந்தீவுப் படகு வந்து சேரும் குறிகட்டுவானில் எல்லோரும் இறங்குகிறார்கள், அதனால் அட்டவணையில் அது பெரிய எண்ணாக வரும். ஆனால் அது படகிலிருந்து பேருந்துக்கு மாறும் துறை. பயணம் எங்கே முடிந்தது, எதற்காகப் போனார்கள் என்று கேட்டால் எண் வேறிடத்துக்குப் போய்விடும்.

வீட்டு நேர்காணலில் கேள்வியின் சொற்கள் முடிவையே மாற்றிவிடும். என் முதல் ஆய்வுக்கு வலிகாமத்தில் நான் தயாரித்த வினாக்கொத்தில் "நீங்கள் வழக்கமாக எந்த நகரத்துக்குச் செல்வீர்கள்?" என்று இருந்தது. பாதிப் பேர் "ரவுணுக்கு" என்றார்கள், நானும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் சிலருக்கு ரவுண் என்றால் யாழ்ப்பாணம், சிலருக்குப் பக்கத்துச் சந்தி என்பது உறைத்தது. எந்தத் தாளில் எது என்று பிரிக்க வழியில்லாமல் அத்தனை வீட்டுக்கும் மீண்டும் சைக்கிள் மிதித்தேன். "வழக்கமாக" என்ற சொல்லும் பிழை. அது மக்களைத் தங்களைப் பற்றித் தாங்களே நினைத்திருப்பதைச் சொல்ல வைக்கும். இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இப்படி: "அம்மா, கடைசியா உடுப்பு வாங்கினது எப்ப? எந்தக் கடைத்தெருவிலை? எதிலை போனீங்கள்? வேறை எங்கையும் போயிருக்கலாமா?" கடைசிக் கேள்வி மூன்றாம் படிக்குரியது, அதை விடாதீர்கள்.

காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களில் எடுத்த பயணத் தரவு ஆண்டு முழுவதற்கும் பேசாது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் தீவுப் படகு ஓடாது. வெங்காயம் கிண்டும் காலத்துச் சந்தையும் மழைக்காலச் சந்தையும் ஒரே பரப்பிலிருந்து ஆட்களை இழுப்பதில்லை. இரண்டு பருவங்களில் எடுக்க முடியாவிட்டால் ஒரு பருவம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வைத்தியசாலைப் பதிவேட்டிலிருந்து தரவு எடுக்க விரும்பினால் எழுத்து மூல அனுமதி பெற்று, கிராம அலுவலர் பிரிவு வாரியான எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயரும் நோயும் உங்களுக்குத் தேவையில்லை.

ஐந்தாம் படி: பிராந்தியத்தை வரைதல்

சேகரித்ததைப் "புறப்படும் இடம் – சேரும் இடம்" அட்டவணையாக ஆக்குங்கள். அதிலிருந்து பிராந்தியம் எடுப்பதற்கு எளிய முறை, நிஸ்டுவென், டேசி என்ற இருவர் 1961இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத் தொலைபேசி அழைப்புகளை வைத்துச் செய்து காட்டியது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் வெளியே செல்லும் மிகப் பெரிய ஓட்டத்தை மட்டும் பாருங்கள். அது தன்னைவிடப் பெரிய இடத்துக்குப் போனால் அந்த இடம் பெரியதற்குக் கீழ்ப்பட்டது. சிறிய இடத்துக்குப் போனால், புறப்பட்ட இடமே சுயமான மையம். பெரியது சிறியது என்பதை உள்ளே வரும் மொத்த ஓட்டத்தால் அளக்கிறோம்.

கணக்கு விளங்குவதற்காக அ, ஆ, இ, ஈ என்று நான்கு ஊர்களைக் கற்பனை செய்வோம். அ ஊரிலிருந்து ஈக்கு 60 பேர், ஆவுக்கு 25, இக்கு 5. ஆ ஊரிலிருந்து ஈக்கு 40, அவுக்கு 20, இக்கு 10. இ ஊரிலிருந்து ஆவுக்கு 45, ஈக்கு 30, அவுக்கு 5. ஈ ஊரிலிருந்து அவுக்கு 15, ஆவுக்கு 12, இக்கு 3. உள்வரவைக் கூட்டினால் ஈ 130, ஆ 82, அ 40, இ 18. அவின் பெரிய ஓட்டமும் ஆவின் பெரிய ஓட்டமும் தம்மைவிடப் பெரிய ஈக்குப் போகின்றன. இயின் பெரிய ஓட்டம் ஆவுக்கு. ஈயின் பெரிய ஓட்டம் தன்னைவிடச் சிறிய அவுக்குப் போவதால் ஈ சுயமான மையம். ஆகவே இ ஆவின் கீழும், ஆவும் அவும் ஈயின் கீழும் வருகின்றன. பெரிய பிராந்தியத்துக்குள் ஒரு சிறிய பிராந்தியமும் தெரிகிறது. 1933இல் கிறிஸ்டாலர் தென் ஜேர்மனியை வைத்து முன்வைத்த மைய இடக் கோட்பாட்டில் வரும் படிநிலை இதுதான். ஆனால் இயிலிருந்து ஈக்குப் போன 30 பேர் இந்த முறையில் மறைந்துவிட்டார்கள் என்பதையும் பாருங்கள். 80 பயணத்தில் 30 என்பது சிறிதல்ல. பெரிய ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் இடைவெளி குறைவாக இருக்கும் ஊர்களை வரைபடத்தில் கோடிட்ட நிழலால் காட்டுங்கள். உண்மையான எல்லை அந்த ஊர்களில்தான் கிடக்கிறது.

தரவே இல்லாத இடத்தில் மாதிரியாக ஓர் எல்லையைக் கணிக்க, ரெய்லி 1931இல் சொன்ன சில்லறை வணிக ஈர்ப்பு விதியிலிருந்து பெறப்பட்ட பிரிகோட்டுச் சூத்திரம் உண்டு. இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை, 1உடன் சனத்தொகை விகிதத்தின் வர்க்கமூலத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 18 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்று மற்றதைவிட 9 மடங்கு பெரியதானால், 18ஐ 4ஆல் வகுக்க, சிறிய நகரத்திலிருந்து 4.5 கிலோமீற்றரில் பிரிகோடு விழும். இங்கே வீதித் தூரத்தை எடுங்கள், நேர்கோட்டுத் தூரத்தை எடுத்தால் நீரேரிக்கு மேலால் ஆட்களை நடத்திக்கொண்டு போவீர்கள். இந்தச் சூத்திரத்தை முடிவாக எவரும் கொள்ள வேண்டாம்; களத்தில் கண்டதோடு ஒப்பிட்டு, எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று கேட்பதற்கு உதவும்.

எத்தனை வீதம் பேர் போனால் ஓர் ஊரைப் பிராந்தியத்துக்குள் சேர்ப்பது என்பதற்கு இயற்கையான விடை கிடையாது. வேலைப் பயணத்தை வைத்து ஐரோப்பிய ஒன்றியமும் ஓஈசீடியும் (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனம்) வரையும் தொழிற்பாட்டு நகரப் பரப்புகளுக்கு 15 வீதம் போதும். அமெரிக்கப் பெருநகரப் பரப்புகளில் வெளி மாவட்டங்களைச் சேர்க்க 25 வீதம் வேண்டும். மூன்று வெட்டு அளவுகளில் வரைந்து, மூன்றையும் பின்னிணைப்பில் போடுங்கள். எல்லை அதிகம் நகராத பக்கம் உறுதியானது, நகர்ந்தோடும் பக்கம் விவாதத்துக்குரியது.

ஆறாம் படி: ஒப்பிடுதல்

முதலில் ஒரு தொழில்நுட்பப் பொறி. இலங்கை வரைபடத் தரவு இரண்டு ஆள்கூற்று முறைகளில் கிடைக்கிறது: பழைய கண்டவல முறையில் தோற்ற எண்கள் (தோற்றப் புள்ளிக்குக் கொடுக்கப்படும் கிழக்கு, வடக்கு எண்கள்) 200,000 மீற்றரிலும், 1999ஆம் ஆண்டின் எஸ்எல்டி99 முறையில் 500,000 மீற்றரிலும் தொடங்குகின்றன. கியூஜிஐஎஸ் மென்பொருளில் புதிய தரவைப் பழையதென்று அடையாளமிட்டால் நல்லூர் 300 கிலோமீற்றர் கிழக்கும் 300 கிலோமீற்றர் வடக்கும் நகர்ந்து வங்காள விரிகுடாவில் மிதக்கும். கடலில் ஊர் கண்டால் பதற்றப்படாமல் இந்த எண்களைச் சரிபாருங்கள். அட்டவணைகளை இணைக்கும்போதும் ஊர்ப் பெயரை நம்பாமல், ஜே என்று தொடங்கும் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தால் இணையுங்கள். ஒரே ஊர்ப் பெயர் மூன்று விதமான எழுத்துக் கூட்டில் வரும்.

பொருத்தத்தை அளக்க எளிய வழி, இரண்டுக்கும் பொதுவான பிரிவுகளின் எண்ணிக்கையை இரண்டிலும் சேர்த்துள்ள மொத்தப் பிரிவுகளால் (பொதுவானவற்றை ஒருமுறை மட்டும் எண்ணி) வகுப்பது. ஒரு பிரதேச செயலகத்தில் 30 பிரிவுகள், ஒரு சந்தையின் பரப்பில் 36, பொதுவானவை 24 என்றால், மொத்தம் 42, பொருத்தம் 0.57. இதைச் சதுர கிலோமீற்றரில் செய்வது எங்கள் மாவட்டத்தில் ஆபத்தானது. நீரேரியும் உவர் நிலமும் மணற்பரப்பும் பெரும் பரப்பை எடுத்துக்கொள்வதால், ஆளில்லாத நிலம் பொருந்துவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்போம். சனத்தொகையால் நிறையிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது அளவு உள்ளடங்கு விகிதம். ஒரு பரப்பில் வசிக்கும் 1,000 வேலையாட்களில் 700 பேர் அதற்குள்ளேயே வேலை செய்கிறார்கள், அங்குள்ள வேலைகளில் மொத்தம் 875 பேர் இருக்கிறார்கள் என்றால், வசிப்போர் பக்கம் 70 வீதம், வேலைப் பக்கம் 80 வீதம். ஐக்கிய இராச்சியத்தில் வேலைப் பயணப் பரப்புகளுக்குப் பொதுவாக இரு பக்கமும் 75 வீதம் வேண்டும். 25,000க்கு மேற்பட்ட வேலையாட்கள் இருந்தால் 66.7 வீதம் போதும். 2011 தரவில் அப்படி 228 பரப்புகள் வந்தன. இதே விகிதத்தை உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கும் நீங்கள் வரைந்த தொழிற்பாட்டுப் பரப்புக்கும் கணித்துப் பாருங்கள். நீங்கள் வரைந்ததில் விகிதம் உயரவில்லையானால், பிழை வரைபடத்தில் இருக்கிறதா தரவில் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

ஒரே தரவைக் கிராம அலுவலர் பிரிவிலும் பிரதேச செயலகப் பிரிவிலும் தனித்தனியே கணித்தால் விடைகள் ஒத்துப்போகா. அலகு பெரிதாகும்போது தொடர்புக் குணகம் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) உயர்வதை கெல்கேயும் பீலும் 1934இலேயே காட்டிவிட்டார்கள். அதனால் இரண்டு அளவிலும் செய்து இரண்டையும் எழுதுங்கள். ஒரு பிரிவின் சராசரியை அங்குள்ள ஒரு வீட்டின் நடத்தையாக எழுதுவதையும் தவிருங்கள்.

பொருந்தாமையைக் கண்டதும் எல்லையை மாற்ற வேண்டும் என்று பரிந்துரைப்பது மாணவர்களுக்குப் பிடித்த முடிவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாக்கு, வரி, பொறுப்புக்கூறல் ஆகியவற்றுக்கு நிலையான கோடு வேண்டும். சந்தையோடு ஆண்டுதோறும் நகரும் கோட்டில் எந்த உறுப்பினரும் வீதி போட மாட்டார். வடமராட்சி கிழக்கில் உள்ள மருதங்கேணி மக்கள் பருத்தித்துறைக்குப் போகிறார்களா, நெல்லியடிக்கா, கொடிகாமத்துக்கா, பளைக்கா என்று கண்டறிந்தால், அதற்கேற்ப ஒரு பேருந்துச் சேவையை நீட்டலாம், இரண்டு சபைகள் சேர்ந்து ஒரு சந்தையை நடத்தலாம். எல்லையைத் தொடாமலே செய்யக்கூடியவை இவை.

வரைபடத்தை ஒப்படைக்கும்போது நிர்வாக எல்லையைத் தொடர் கோட்டாலும் தொழிற்பாட்டு எல்லையை முறிகோட்டாலும் கீறுங்கள். நிர்வாக எல்லைக்கு எந்த ஆண்டின் எல்லை என்று குறிப்பில் எழுதுங்கள். தொழிற்பாட்டு எல்லைக்கு ஊர்ப் பெயர் மட்டும் போதாது. "சுன்னாகம், மரக்கறி விற்போர், தை மாதம், வெட்டு அளவு 25 வீதம்" என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். பத்து ஆண்டு கழித்து இன்னொரு மாணவர் அதே சந்தையில் நிற்கும்போது, தன் வரைபடத்தை எதோடு ஒப்பிடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.